ஆர்.டி. 350: பல வருடம் நின்ற வண்டி, இரண்டு கார்ப்பரேட்டரிலும் ஸ்லைடு இறுகிவிட்டது. எப்படிக் கழற்றுவது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவின் ராஜ்தூத் 350 (யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம் நாட்டில் தயாரித்த வண்டி) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1987 மாடல், எல்.டி. (லோ டார்க்) வகை. கும்பகோணம் பக்கம் ஊர் வீட்டில், தாழ்வாரத்து ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடி ரொம்ப வருடம் நின்ற வண்டி. எஞ்சின் இறுகவில்லை, கிக்கரை மெதுவாக மிதித்தால் இரண்டு பிஸ்டனும் ஏறி இறங்குகின்றன, ப்ளக்கைக் கழற்றி விரலை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காற்று நன்றாகவே தள்ளுகிறது. அதனால்தான் விட மனசில்லை.

சிக்கல் கார்ப்பரேட்டரில். ஆக்சிலேட்டர் கைப்பிடி திரும்பவே இல்லை. முதலில் கேபிள்தான் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து, மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். கேபிள் நன்றாக ஓடுகிறது, ஸ்ப்ரிங்கும் நல்லபடியாக இருக்கிறது, ஆனால் ஸ்லைடு (கைப்பிடியைத் திருகினால் மேலேறிக் காற்று வழியைத் திறக்கிற உருளை) இரண்டு பக்கமும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வலது பக்கம் பெட்ரோல் தேங்குகிற ப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினேன், உள்ளே அடியில் கருஞ்சிவப்பாகப் பாகு காய்ந்து கெட்டியான மாதிரி ஒரு படிவு, ஓரங்களில் வெள்ளைத் தூள், பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சை. இடது பக்கக் கிண்ணத்தின் ஸ்க்ரூ நான்கில் ஒன்று தலை மழுங்க ஆரம்பித்தது, அதோடு நிறுத்திவிட்டேன்.

ஊரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, கீழே இருந்து ஒரு கம்பியை வைத்து இரண்டு தட்டு தட்டினால் வந்துவிடும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கார்ப்பரேட்டர் உடைந்தால் அதே மாதிரி கிடைக்குமா என்று தெரியவில்லை, புதிதாக வேறு ஏதோ ஒன்றைப் போட்டு ஓட்ட எனக்கு விருப்பமும் இல்லை. பெரியப்பா ஓட்டிய மாதிரியே ஓட வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள், எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது.

பழைய_இரும்பு:

தட்டச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், அது மட்டும் உறுதி. கழற்றி ஒரு டப்பாவில் டீசல் ஊற்றி ஊறப் போடுங்கள். பச்சை பிடித்த பித்தளைக்கு நம் வீட்டுப் புளியே போதும், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய மிக்குனி (இந்தக் கார்ப்பரேட்டரின் கம்பெனி) ஜோடி எப்போதாவது கண்ணில் படும், ஆனால் அவையும் பெரும்பாலும் இதே நிலையில்தான் இருக்கும், அதனால் உங்களிடம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நல்லது.

டூஸ்ட்ரோக்_சேலம்:

தம்பி, தட்டாமல் நிறுத்தினீர்களே, பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை நிதானமாகச் செய்யலாம். மேலே அண்ணன் சொன்னதில் டீசல் தப்பில்லை, ஆனால் புளி வேண்டவே வேண்டாம். ஜெட்டைத் தனியாகக் கழற்றி வைத்துத் தேய்ப்பது வேறு, கார்ப்பரேட்டர் உடம்பில் புளித்தண்ணீர் படுவது வேறு. உடம்பு பித்தளையும் இல்லை, சுத்த அலுமினியமும் இல்லை, துத்தநாகம் கலந்த வார்ப்பு. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் புளிப்பு துத்தநாகத்தை அரிக்கும். நீங்கள் பார்த்த வெள்ளைத் தூளே அந்த உலோகம் அரித்து வந்த தூள்தான். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது ஸ்லைடு. ஏன் ஒட்டியது என்று முதலில் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சுகிற பிசின் ஒரு பக்கம், டூஸ்ட்ரோக் வண்டி என்பதால் ரீட் வால்வு (எஞ்சினுக்குள் காற்று நுழைகிற இதழ் வால்வு) பக்கமிருந்து பின்னால் தெறிக்கிற ஆயில் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஸ்லைடுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளியில் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் ஈரம் இறங்கித் துத்தநாகம் பூத்திருக்கிறது. ஆக இரண்டு பிடி இருக்கிறது, ஒன்று பிசின், ஒன்று அரிப்பு. பிசினைக் கரைக்க வேண்டும், அரிப்பைச் சூட்டால் தளர்த்த வேண்டும். பலத்துக்கு இங்கே வேலையே இல்லை.

முதலில் பெட்ரோல் டியூப், ஆயில் டியூப் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு கார்ப்பரேட்டரையும் வண்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இடது எது வலது எது என்று ஒரு துணியில் எழுதிக் கட்டிவிடுங்கள், இரண்டின் பாகங்களும் கடைசிவரை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. அப்புறம் பலபேர் மறக்கிற ஒன்று, ஐடிலிங் ஸ்க்ரூ. பக்கவாட்டில் ஸ்ப்ரிங்கோடு இருக்குமே அது. அதன் கூர்முனை ஸ்லைடின் பள்ளத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதை முழுதாக வெளியே எடுக்காமல் ஸ்லைடோடு மல்லுக்கட்டினால் ஸ்லைடில் கீறல்தான் விழும். காற்று ஸ்க்ரூவையும் எடுங்கள், ஆனால் எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், சூட்டுக்கு அப்புறம் வரும்.

கேபிளை ஸ்லைடிலிருந்து விடுவியுங்கள். ஸ்ப்ரிங்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேபிளைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பக்கவாட்டில் நகர்த்தினால் முனைக்குண்டு பள்ளத்திலிருந்து வந்துவிடும். கைப்பிடியைத் திருகி இழுத்து ஸ்லைடை எடுக்கப் பார்க்காதீர்கள். கேபிள் அறுந்தால்கூடப் பரவாயில்லை, ஸ்லைடின் உள்ளே அந்தப் பள்ளம் பிய்ந்தால் ஸ்லைடே போச்சு.

கீழே இருந்து மெயின் ஜெட்டைக் கழற்றுங்கள். ஸ்லைடில் தொங்குகிற ஊசி, நீடில் ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும், அங்கேயும் ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் மேலே இருந்து மட்டும் இல்லாமல் மெயின் ஜெட் துளை வழியாகக் கீழே இருந்தும் திரவம் போக வேண்டும். நீடில் ஜெட் மேல்பக்கமாகத்தான் வெளியே வரும், ஸ்லைடு வந்த பிறகுதான் அதைத் தள்ள முடியும், இப்போது அதைத் தொட வேண்டாம்.

கரைக்க, பெயிண்ட் கடையில் விற்கிற என்.சி. தின்னர் வாங்குங்கள். பழைய பிசினுக்கு வெறும் பெட்ரோல் அவ்வளவாக வேலை செய்யாது, அது விட்டுப்போன கழிவுதானே அது. ஓ-ரிங், கேஸ்கெட், ப்ளோட் ஊசி, ரப்பர் என்று எது இருந்தாலும் எடுத்துவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கிற எவர்சில்வர் தூக்கில் கார்ப்பரேட்டரைத் தலைகீழாக முழுகும்படி வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். வீட்டுக்குள் வைக்காதீர்கள், சமையலறைப் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். வெளியில், வெயில் படாத இடம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் எடுத்து நன்றாக உதறி, காற்றடித்து, தின்னர் வாசனையே இல்லாத அளவுக்குக் காயவிட்ட பிறகுதான் அடுத்த வேலை. தண்ணீரை அடுப்பில் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை வெளியே கொண்டுவந்து அதில் கார்ப்பரேட்டரை இறக்குங்கள். துத்தநாகக் கலவை சூட்டில் பித்தளையைவிட அதிகம் விரியும். ஸ்லைடு பித்தளை மேல் குரோம் பூசியது. அதனால் சூடானால் உடம்பு விலகி ஸ்லைடுக்கு இடம் கொடுக்கும். ஐந்து பத்து நிமிடம் கழித்துத் துணியால் பிடித்து எடுத்து, ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள், ஸ்லைடின் அடியில் அந்தப் பக்கம் மட்டும் சாய்வாக வெட்டியிருக்கும், அந்தச் சந்துக்குள் மூங்கில் குச்சியோ நல்ல வேப்பங்குச்சியோ நுழைத்து நெம்பாமல் மேல்நோக்கித் தள்ளுங்கள். மரம் மட்டும்தான். ஸ்க்ரூ டிரைவர் கூடாது, அந்த வெட்டு விளிம்பில் ஒரு நசுங்கல் விழுந்தாலும் வண்டி ஐடிலிங்கில் ஒழுங்காக நிற்காது. அசையவில்லையா, மேலே இருந்து கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள், திரும்பவும் கீழே இருந்து மேலே. மயிரிழை அசைந்தாலும் போதும், அங்கே இரண்டு சொட்டு டபிள்யூ.டி. 40 விட்டு மறுபடி முன்னும் பின்னும். ஒருமுறை அசைந்தது அப்புறம் நிற்காது. ஸ்லைடைச் சுற்றித் திருப்பப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு ஆணி அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வரவில்லை என்றால் கோபப்படாமல் திரும்பத் தின்னரில் போடுங்கள், திரும்பச் சுடுதண்ணீர். மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். கேஸ் டார்ச் வைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு, அனுமதிக்காதீர்கள், இந்தக் கலவை 400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும், உருகும் முன்னாலேயே கோணிக்கொள்ளும்.

லேத்_பட்டறை_கோவை:

சேலத்து அண்ணன் சொன்னதுக்கு மேல் ஸ்லைடு விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மழுங்கின ஸ்க்ரூவுக்கு வருகிறேன்.

ஜப்பான் கார்ப்பரேட்டரில் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ நம் சாதாரண ஸ்டார் டிரைவருக்குப் பொருந்துகிற மாதிரித் தெரியும், ஆனால் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். என்று ஜப்பானிய அளவு தனி. நம் டிரைவரின் முனை அதன் குழியில் அடிவரை உட்காராமல் பாதியில் நின்று, கொஞ்சம் பலம் கொடுத்ததும் மேலேறி வழுக்கும், அதில்தான் தலை மழுங்குகிறது. ஜே.ஐ.எஸ். பிட் ஆன்லைனில் கிடைக்கிறது, விலையும் அதிகம் இல்லை, பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு செட் வாங்கி வைக்க வேண்டும். உங்கள் கார்ப்பரேட்டரில் ஏற்கெனவே லோக்கல் ஸ்க்ரூ மாற்றியிருக்கவும் கூடும், குழியைச் சுத்தம் செய்துவிட்டு எந்த பிட் ஆட்டம் இல்லாமல் உட்காருகிறதோ அதையே எடுங்கள்.

மழுங்கினதுக்கு: ஸ்க்ரூ தலையில் தின்னர் விட்டு ஊறவிடுங்கள், சரியான பிட்டை வைத்துச் சின்னச் சுத்தியால் டிரைவரின் பின்பக்கம் லேசாக ஒரு தட்டு, கார்ப்பரேட்டரைக் கட்டை மேல் வைத்துக்கொண்டு. அது மரையில் இருக்கிற பிடியை உடைக்கத்தான், அதற்கு மேல் பலம் வேண்டாம். அப்புறம் உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். அப்போதும் வழுக்கினால் வைஸ்கிரிப்பால் தலையின் சுற்றுவட்டத்தைப் பிடித்துத் திருகலாம், தலை வெளியே எழும்பி இருந்தால் சுலபமாக வரும். திரும்பப் போடும்போது நான்குக்கும் ஆலன் போல்ட் போட்டுவிடுங்கள். பழைய அழகு போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள், கார்ப்பரேட்டர் அடிக்கடி கழற்ற வேண்டிய சாமான், அதில் அழகு பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. கிண்ணம் கழன்றபின் ப்ளோட்டைத் தாங்குகிற அச்சு ஊசியை எடுப்பீர்கள் இல்லையா, அது ஒட்டியிருந்தால் அதைத் தட்டும்போதுதான் இந்தக் கார்ப்பரேட்டர்கள் வீணாகின்றன. ஊசியைத் தாங்குகிற இரண்டு தூணும் உடம்போடு சேர்ந்து வார்த்தவை, பார்க்கத் தடிமனாகத் தெரியும், பக்கவாட்டில் ஒரு அடி தாங்காது, படக்கென்று ஒடியும். என் பட்டறைக்கு வருகிற உடைந்த கார்ப்பரேட்டர்களில் நிறைய இந்தத் தூண் ஒடிந்தவைதான், ஒட்டுவதும் கஷ்டம். ஒரு தூணுக்குப் பின்னால் மரத்துண்டை முட்டுக் கொடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போது, சின்ன பஞ்ச் (முனை தட்டையான இரும்புக் கம்பி) வைத்து அழுத்துங்கள். வரவில்லை என்றால் திரும்ப ஊறட்டும்.

காவிரிக்கரை:

அண்ணா இருவருக்கும் ரொம்ப நன்றி. இடது பக்க ஸ்லைடு முதல் சுடுதண்ணீரிலேயே வந்துவிட்டது. வலது பக்கம் அடம் பிடித்தது, தின்னர், சுடுதண்ணீர், திரும்பத் தின்னர் என்று போய்க் கடைசியில் மூங்கில் குச்சியில்தான் மேலே வந்தது. வரும்போது ஒரு சத்தமும் இல்லை, வெண்ணெய் மாதிரி நழுவியது. ஸ்லைடில் கீறல் இல்லை, குரோமில் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பித்தளை தெரிகிறது. ஸ்க்ரூவும் வந்தது, ஜே.ஐ.எஸ். பிட்டில் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது.

இப்போது பார்த்தால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட் இரண்டும் அடைத்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஊரில் கிட்டார் கம்பி வைத்துக் குத்தச் சொல்கிறார்கள். ரிப்பேர் கிட் ஒன்று வாங்கி எல்லா ஜெட்டையும் மாற்றிவிடலாமா? கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தாலே போதுமா?

டூஸ்ட்ரோக்_சேலம்:

நல்லது தம்பி. குரோம் லேசாகப் போனது பரவாயில்லை, ஸ்லைடு தன் எடையிலேயே மேலிருந்து கீழே தடங்கல் இல்லாமல் விழுகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். காய்ந்த நிலையில் பார்க்க வேண்டும், எண்ணெய் விட்டுப் பார்த்தால் எல்லாம் விழத்தான் செய்யும்.

ரிப்பேர் கிட்டிலிருந்து கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெட்டை மட்டும் மாற்றாதீர்கள். உங்களுடைய பழைய ஜெட்டில் எண்ணும், சதுரத்துக்குள் சதுரமாக மிக்குனி முத்திரையும் இருந்தால் அது தங்கம். கிட்டில் வருகிற ஜெட்டில் அதே எண் அடித்திருக்கும், துளை அந்த அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவில் ஓடின 1973, 74 ஆர்.டி.யின் மேனுவலில் இருக்கிற ஜெட் எண்களையும் அப்படியே கொண்டுவந்து போடாதீர்கள், நம் எஸ்கார்ட்ஸ் வண்டி வேறு சைலன்சரோடு வந்தது, ஹெச்.டி. (ஹை டார்க்), எல்.டி. என்று அதிலும் இரண்டு. உங்கள் வண்டியில் இருந்ததையே குறித்துக்கொண்டு அதையே போடுங்கள்.

கிட்டார் கம்பி எஃகு. ஜெட் பித்தளை. பைலட் ஜெட் துளை தலைமுடியைப் போலச் சில மடங்கு பருமன், அவ்வளவுதான், அதில் எஃகை விட்டு ஆட்டினால் துளை அகன்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வண்டிக்குத் தெரியும். சாதாரணக் கரண்ட் ஒயரை உரித்து அதில் இருக்கிற செம்பு இழைகளில் மிக மெல்லியதாக ஒன்றை எடுங்கள், செம்பு பித்தளையைக் கீறாது. முதலில் ஜெட்டைத் தின்னரில் ஒரு நாள் ஊறவைத்து அப்புறம் இழையை விடுங்கள், ஓரத்திலும் குட்டித் துளைகள் இருக்கும், அவற்றிலும். பக்கத்து ஊரில் நகை செய்கிற பட்டறை இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் அல்ட்ராசோனிக் மெஷின் இருக்கும், நகை கழுவ வைத்திருப்பார்கள். ஜெட்டையும், இடம் இருந்தால் கார்ப்பரேட்டர் உடம்பையும், பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் போட்டுச் சூட்டோடு ஓடவிட்டால் கை போகாத இடத்தில் இருக்கிறதெல்லாம் வெளியே வரும். அவர்களுடைய அமிலக் கரைசல் எதிலும் போட விடாதீர்கள்.

ஸ்ப்ரே கேட்டீர்களே. ஸ்ப்ரே சுத்தம் செய்வதைவிடச் சோதித்துப் பார்க்க உதவும். பைலட் ஜெட்டைக் கழற்றிவிட்டு, அது உட்காருகிற துளையில் ஸ்ப்ரேயின் குழாயைச் செருகி, காற்று ஸ்க்ரூ இருந்த துளையை விரலால் மூடிக்கொண்டு அடியுங்கள். எஞ்சின் பக்கம், ஸ்லைடு உட்காருகிற இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு ஊசித்துளை இருக்கும், ஸ்லைடின் விளிம்புக்கு அடியிலேயே இன்னொன்று இருக்கும். இரண்டிலிருந்தும் நீர்ப்பீச்சல் மாதிரி நேராக வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தாலோ, கசிந்து வழிந்தாலோ பாதை இன்னும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், திரும்ப ஊறல். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எதிர்பார்க்காத துளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும். இதில் திருப்தி வராமல் மாட்டவே மாட்டாதீர்கள். மெயின் ஜெட்டை எல்லோரும் சுத்தம் செய்வார்கள், இந்த இரண்டு ஊசித்துளையைத்தான் விட்டுவிடுவார்கள், அப்புறம் வண்டி சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்று மாதக்கணக்கில் அலைவார்கள்.

ரீட்_வால்வு:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தம்பி, இந்த எஞ்சினுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி கார்ப்பரேட்டர். ஒரு பக்கம் பெட்ரோல் குறைந்தால் இன்னொரு பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், அந்தக் குறைந்த பக்கத்து பிஸ்டன் சூடேறிக் கடித்துவிடும். அதனால் சுத்தம் செய்ததோடு வேலை முடியவில்லை.

கார்ப்பரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற ரப்பர் இரண்டையும் கழற்றிக் கையில் வளைத்துப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், வளைத்தால் உள்மடிப்பில் மெல்லிய வெடிப்பு வாய் திறக்கும். அங்கே காற்று இழுத்தால் நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், சிலிக்கான் பூசி ஒப்பேற்றாதீர்கள், பெட்ரோல் அதை ஊறவைத்து உள்ளே இழுத்துவிடும். அதைக் கழற்றும்போதே ரீட் வால்வையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இதழ்கள் சட்டத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், நுனியில் உடைசல் இருக்கக் கூடாது.

ஆயில் பம்ப் இன்னும் இருக்கிறதா, அல்லது யாராவது கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டினார்களா? பம்ப் இருந்தால் இவ்வளவு வருடம் நின்றதில் குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பில் இருக்கிற பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி இல்லாமல் ஆயில் வருகிற வரை விட வேண்டும். அதோடு முதல் தடவை ஊற்றுகிற பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி 2டி (டூஸ்ட்ரோக்) ஆயில் கலந்தே ஊற்றுங்கள். புகை அடித்தால் அடிக்கட்டும், ஆயில் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடுவதைவிட அது மேல்.

கைப்பிடியிலிருந்து வருகிற ஒரே கேபிள் கீழே பிரிந்து இரண்டு கார்ப்பரேட்டருக்கும் பம்புக்கும் போகிறது. மாட்டியபின் ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி வைத்துக்கொண்டு, மெல்லிய டிரில் பிட் ஒரே அளவில் இரண்டு எடுத்து, வழவழப்பான தண்டுப் பக்கத்தை ஸ்லைடுக்கு அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். கைப்பிடியை மெதுவாகத் திருகினால் இரண்டு பிட்டும் ஒரே நேரத்தில் தளர வேண்டும். ஒன்று முந்தினால் கார்ப்பரேட்டர் மேல்மூடியில் இருக்கிற அட்ஜஸ்டரில் சரி செய்யுங்கள். அது முடிந்த பிறகுதான் பம்ப் கேபிள், புல்லியில் இருக்கிற குறிக்கு. வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை மாட்டும்போது சாய்வு வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கைப்பிடியை முழுதாகத் திருகி விட்டால் இரண்டு ஸ்லைடும் டக்கென்று கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும், ஹேண்டிலை இடது கோடியிலும் வலது கோடியிலும் திருப்பி வைத்தும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கிக்கரில் கால் வைக்காதீர்கள், திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் அந்த எஞ்சின் எகிறும் வேகத்தில் சாவியைத் தேடக்கூட நேரம் இருக்காது.

காற்று ஸ்க்ரூ நீங்கள் குறித்த கணக்கு நம்பும்படி இல்லை என்றால், முழுதாக உள்ளே திருகிவிட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பியுங்கள். இதில் வெளியே திருகினால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. ப்ளக் பி8ஹெச்.எஸ். புதிதாக இரண்டு போடுங்கள், பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பாருங்கள். ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று சுண்ணாம்பு வெள்ளை என்றால் வெள்ளை பக்கம் பெட்ரோல் குறைவு, வண்டியை உடனே நிறுத்துங்கள்.

பழைய_இரும்பு:

புளி விஷயம் தெரிந்துகொண்டேன், நன்றி சேலம். நான் ஒன்று சேர்க்கிறேன், டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்ப்பரேட்டரை மாட்டவே வேண்டாம். பெட்ரோல் டேப்பைக் கழற்றி அதன் மேல் இருக்கிற வலையைப் பாருங்கள், துரு மாவாக இருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும், அது துத்தநாகத்தை அரிக்கும், பழைய ரப்பரையும் ஊதவைக்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டாத வண்டி என்றால் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் இருக்கிற பிளக்கைத் திறந்து வடித்தேவிடுங்கள். டியூபையும் எத்தனால் தாங்குகிற டியூபாக மாற்றிவிடுங்கள்.

காவிரிக்கரை:

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! பம்ப் அப்படியே இருக்கிறது, காற்று எடுத்துவிட்டேன், இரண்டு ரப்பரும் புதிது. ஐடிலிங்கில் சீராக நிற்கிறது. பெரியப்பா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, த்ராட்டில் கொடுடா கொடுடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சந்தேகம் மட்டும். வலது சைலன்சரில் வெள்ளைப் புகை இடதுபக்கத்தைவிட ரொம்ப அதிகம். வலது கார்ப்பரேட்டர்தான் ரொம்ப ஒட்டியிருந்தது, அதில் இன்னும் ஏதாவது பாக்கி இருக்குமா? பெட்ரோல் அதிகமாகப் போகிறதா?

ரீட்_வால்வு:

பெட்ரோல் அதிகம் போனால் கறுப்பாக, ப்ளக் ஈரமாக, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது திக்கும். வெள்ளைப் புகைக்குக் காரணம் ஆயில். இரண்டு இடத்திலிருந்து வரலாம். நின்ற காலத்தில் பம்ப் வழியாக ஆயில் மெல்ல இறங்கி எஞ்சின் அடியிலும் சைலன்சரிலும் தேங்கியிருந்தால், நன்றாகச் சூடேற ஓட்டினால் எரிந்து தீர்ந்துவிடும். இன்னொன்று கிராங்க் தண்டின் முனையில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம், கிராங்க் ஆயில் சீல். ஆர்.டி.யில் கிளட்ச் வலது பக்கம், அங்கே சீல் காய்ந்து விரிசல் விட்டிருந்தால் வலது சிலிண்டர் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். இடது சீல் போனால் புகை வராது, காற்று இழுக்கும், அது இன்னும் ஆபத்து, ஐடிலிங் தானாக ஏறி இறங்குவதில் தெரியும்.

எது என்று பார்க்க, கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக அளந்து ஊற்றுங்கள். ஒரு ஐம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டுத் திரும்ப வடித்து அளந்து பாருங்கள். குறையவில்லை, புகையும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கவலை இல்லை. குறைந்திருந்து, வலது ப்ளக் மட்டும் எண்ணெய்ப் பசையாக இருந்து, புகையில் கியர் ஆயில் கருகுகிற வாடை வந்தால் சீல்தான், கார்ப்பரேட்டரைத் தொடாதீர்கள். ஒன்று போனால் இன்னொன்றும் அதே வயசுதான், இரண்டு பக்க சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், ஆர்.டி. எஞ்சின் பிரித்துப் பழகியவரிடம் கொடுங்கள். அதுவரை மூன்றாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாதீர்கள்.